வாப்பாவின் பழைய பிக்கப்: கம்பனி பூட்டியது எது, பின்னால் பூட்டியது எது?



வண்டி விஷயம் ஆண்களுக்குரியது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சில வீடுகளில் பழைய மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்று தார்ப்பாய்க்கடியில் கிடக்கிறது. ஒரு காலத்தில் கடைக்குச் சாமான் ஏற்றிய வண்டி அது. வீட்டுக்குரியவர் மவுத்தான பிறகு அதை விற்கும் பொறுப்பு உம்மாவின் தலையிலோ மகளின் தலையிலோ விழுகிறது. பார்க்க வருபவர் போனட்டைத் திறந்து, "இதில் ஒன்றும் ஒரிஜினல் இல்லை" என்று சொன்னால் போதும், விலை இறங்கிவிடும். அவர் சொல்வது மெய்யா என்று திருப்பிக் கேட்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வண்டிகளின் விலை மேலே போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. ஆனால் மொரிஸ் பிக்கப் இனிப் புதிதாக வராது. 1953இல் தொடங்கிய அதன் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. ஆகவே அதைத் தேடுபவர்கள், கம்பனியிலிருந்து வந்தபடி இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்கிறார்கள்.

ஒரு வண்டியில் இருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, எல்லா வண்டிக்கும் கம்பனி பொதுவாகக் கொடுத்தது. இரண்டாவது, வாங்குபவர் மேலதிகப் பணம் கட்டிக் கேட்டதால் கம்பனியே பூட்டிக் கொடுத்தது. குளிர்நாடுகளில் கேட்டு வாங்கிய ஹீட்டர் இவ்வகை. கொழும்பு வெயிலில் அதை யார் கேட்டிருப்பார்! மூன்றாவது, வண்டி வீட்டுக்கு வந்தபின் கராஜிலோ பஞ்சிகாவத்தைக் கடையிலோ வாங்கிப் பூட்டியது. முதல் இரண்டும் ஒரிஜினல்; மூன்றாவது அலங்காரம் அல்லது வசதி.

இவற்றைப் பிரித்தறிய, கவனித்துப் பார்க்கும் கண் போதும். ஒரு விளக்கோ கம்பியோ பூட்டிய துளையைப் பாருங்கள். கம்பனி துளையிட்ட பின்னரே பெயின்ட் அடிக்கும். ஆகவே துளையின் உள்விளிம்பிலும் பெயின்ட் இருக்கும். பின்னால் துளைத்த இடத்தில் வெறும் இரும்பும் துருவும் தெரியும். வயர்களைப் பாருங்கள். கம்பனி வயர்கள் நிறம் பிரித்து ஒரே கட்டாக ஓடும். இடையில் வெட்டி, டேப் சுற்றி இணைத்த வயர் பின்னால் வந்தது. நட்டுகளைப் பாருங்கள். மொரிஸ் அங்குலக் கணக்கு வண்டி. 10, 12 மில்லிமீட்டர் ஸ்பானர் கச்சிதமாகப் பொருந்தும் நட்டு வேறிடத்திலிருந்து வந்திருக்கிறது.

காலக்கணக்கும் சாட்சி சொல்லும். கசெட்டை பிலிப்ஸ் கம்பனி வெளியிட்டதே 1963இல். 1958ஆம் ஆண்டு வண்டியில் கசெட் ரேடியோ இருந்தால் அது கம்பனி கொடுத்ததாக இருக்க முடியாது. முன்கண்ணாடி 1956 வரை நடுவில் பிரிந்த இரு துண்டு. அதன்பின் ஒரே வளைந்த கண்ணாடி. எஞ்சின் முதலில் 803 சி.சி., 1956இலிருந்து 948, 1962இலிருந்து 1098. லூக்காஸ் டைனமோ, ஸ்டார்ட்டர் போன்றவற்றில் செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் பல வேளைகளில் குத்தப்பட்டிருக்கும். துணியால் துடைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை அடிப்பக்கத்தில் இருக்கிறது. மொரிஸ் மைனர் காருக்குத் தனிச் செசி கிடையாது, பிக்கப்புக்கு உண்டு. அடியில் முன்னிருந்து பின்வரை செசி ஓடினால் அது கம்பனி பிக்கப். இல்லையென்றால், காரின் பின்பக்கத்தை வெட்டிப் பிக்கப்பாக்கியிருக்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் 'மோட்டார் கார்' என்று எழுதியிருந்தாலும் இதே சந்தேகம் எழும். புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியதைப் புத்தகத்தில் பதியாமல் விட்டிருந்தால், விற்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சீர்செய்ய வேண்டும்.

இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள பிரித்தானிய மோட்டார் கைத்தொழில் மரபுரிமை அறக்கட்டளை, கம்பனிப் பதிவேடு கிடைக்கும் வண்டிகளுக்குக் கட்டணம் பெற்றுச் சான்றிதழ் கொடுக்கிறது. செய்த நாள், நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பியது, கம்பனி பூட்டிய மேலதிகச் சாமான் ஆகியவை பதிவில் இருந்தால் அதில் வரும். அதற்கு முன் உங்கள் அலுமாரியைத் திறவுங்கள். பழைய கல்யாண அல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் அந்த வண்டி நிற்கலாம். பம்பர் எப்படி இருந்தது, கூரையில் கேரியர் இருந்ததா என்று அந்தப் படமே சொல்லும். கராஜ் பில்களையும் எறிந்துவிடாதீர்கள்.

பின்னால் பூட்டியதெல்லாம் குற்றமல்ல. டைனமோவை மாற்றி ஆல்டர்னேட்டர் போட்டது ஓட்டுவதற்கு வசதிதான். 1990களில் இலங்கையிலேயே மொரிஸ் மைனருக்குத் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அத்தகைய தகடு பூட்டியிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாற்றியதை மறைப்பதுதான் குற்றம். குறையை மூடி விற்பது மார்க்கத்தில் கூடாது என்பதை நீங்கள் அறிவீர்கள். வாங்குபவர் உங்களை ஏமாற்றக் கூடாது. நீங்களும் அவரை ஏமாற்றக் கூடாது.

ஆகவே தரகரை அழைக்கும் முன் ஒரு தாளில் இரண்டு நிரல் எழுதுங்கள்: கம்பனியில் வந்தது, பின்னால் பூட்டியது. எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். "இந்தச் சின்னச் சாமானைக் கழற்றிக்கொள்கிறேன்" என்று யாராவது பழைய மீற்றரையோ சக்கர மூடியையோ பெயர்ச் சின்னத்தையோ கேட்டால் கொடுக்காதீர்கள். விலை பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது. பங்கு பிரியும் வரை அந்தப் பிக்கப் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. மகனுக்கு உள்ளதுபோல் மகளுக்கும் அதில் உரிமை உண்டு. வாங்க விரும்புபவர் மதிப்பிட்டால் போதாது. விற்பனையில் லாபமில்லாத ஒரு பாஸிடம் கூலி கொடுத்து மதிப்பிடச் செய்து, அந்தத் தாளை எல்லா வாரிசுகளுக்கும் காட்டிய பின்னரே விலை பேசுங்கள்.