'ஒரிஜினல்' என்ற பைத்தியம்

பழைய கார் திருத்துகிற ஆட்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி கேட்கும்: "ஒரிஜினல் பார்ட்ஸ் போடாவிட்டால் அது உண்மையான கார் இல்லை." இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு மொரிஸ் மைனரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். (தெரியாதவர்கள் அம்மம்மாவிடம் கேளுங்கள். ஊர்க் கலியாணப் படங்களில் நிற்கிற உருண்டைக் கார்.) அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வந்தது. 1971 வரை 16 லட்சம் அளவில் செய்தார்கள். அதனால் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் புதிதாகச் செய்தது, அதுவும் வெளிநாட்டில் செய்தது என்றால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள்.

இந்தக் காருக்கான உதிரிப்பாகங்களை 1990களில் இலங்கையில் செய்தார்கள் தெரியுமா? இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயரும் இலங்கையரான தனபால சமரசேகரவும் சேர்ந்து அதற்கென்றே ஒரு கம்பனி தொடங்கினார்கள்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஆனாலும் மொரிஸும் ஒஸ்டினும் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எஞ்சினுக்குள் அழுத்தம் குறைவு, எலெக்ட்ரோனிக்ஸ் எதுவும் கிடையாது. அதனால் அந்தப் பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. இல்லாத பாகத்தை மெக்கானிக்மார் லேத்தில் கடைந்தார்கள், அல்லது வேறு வண்டியில் கழற்றியதை அராவிப் பொருத்தினார்கள். அந்தக் காரும் உண்மையான கார் இல்லையா?

எஞ்சினியரிங் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெட்டியில் என்ன முத்திரை இருக்கிறது என்று பார்க்காதீர்கள், அளந்து பாருங்கள். ஐம்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த பிரேக் றப்பர் நூறு வீதம் ஒரிஜினல்தான். ஆனால் இறுகிப்போயிருக்கும். அதை நம்பி ரோட்டில் இறங்கினால் பிரேக் பிடிக்காமல் போகலாம். மைனரின் முன் சில்லைத் தாங்குகிற ட்ரனியனுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் அதன் புரி தேய்ந்து, சில்லு மடிந்து விழும். அது எந்த நாட்டில் செய்தது என்று சில்லுக்குத் தெரியாது. மோசமான புதுப் பாகங்களும் சந்தையில் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேள்வி நல்லதா கெட்டதா என்பதுதான், எங்கே செய்தது என்பதல்ல.

எனக்குப் பெரிய கவலை வேறு. தாத்தாவின் காரைப் 'புத்தம் புதுசாக்க' ஆசைப்பட்டு, போர்க்காலத்தில் யாரோ கையால் செய்து போட்டதை எல்லாம் கழற்றி எறிந்தால், அந்தக் காரின் கதையில் முக்கியமான பத்து வருடம் குப்பைக்குப் போய்விடும். பாதுகாப்புக்காக மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள். எறிய முதல் படம் எடுங்கள், அளவு எழுதிவையுங்கள், யார் செய்தது என்று கேளுங்கள். அதைச் செய்த மெக்கானிக்மாருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களில் ஒருவர் உங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கக்கூடும்.