சிந்தியவர் யார், பொறுக்குபவர் யார்?

வீட்டிலே ஒரு கிண்ணம் எள்ளைப் பிள்ளை சிந்திவிட்டால், அப்பிள்ளையையே அழைத்துப் பொறுக்கச் சொல்வது நம் குடும்பங்களின் வழக்கம். அது தண்டனையன்று, தன் செயலின் பலனைத் தானே ஏற்கவேண்டும் என்னும் பாடமாகும். இச்சிறு நீதி பெருங்கடலுக்கும் பொருந்துமா என்பதே இவ்வாரம் நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட விஷயம்.

2025ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி, கேரளத்துக் கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 24 பேரும் உயிர் தப்பினர் என்பது ஆறுதலான செய்தி. ஆயினும், கப்பல் ஏற்றிவந்த 640 கொள்கலன்களுட் சிலவற்றில் பிளாஸ்திக்குக் குறுணிகள் இருந்தன. நாம் வாங்கும் வாளி, குழாய், பை முதலியனவெல்லாம் இக்குறுணிகளை உருக்கி வார்த்தே ஆக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஓர் உளுத்தம் பருப்பின் அளவுதான். அடுத்த ஜூன் மாதத்திலே இத்தகைய குறுணிகள் குமரிக்கரையிலும் தனுஷ்கோடியிலும் மட்டுமன்றி, நம் மன்னார்க் கரையிலும் வந்து ஒதுங்கின. எல்சா கப்பலின் சரக்கே இது என்று அதிகாரிகள் கருதினர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரமே உண்டு. சோளகக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எல்லைக்கோடு ஏது?

இலங்கைக்கு இது முதல் அனுபவமன்று. 2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பல், ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. அவற்றுள் 25 தொன் நைத்திரிக்கமிலமும் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்திக்குக் குறுணிகளும் அடங்கும். அக்காலத்தில் மேற்குக் கரையின் ஒரு பகுதியில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. மற்ற இடங்களிற் பிடித்த மீனையும் வாங்க மக்கள் அஞ்சினர். கடலுக்கே போகாத கப்பற் கம்பனிக்காரர் தவற்றுக்கு, கடலையே நம்பியிருந்தவன் அடுப்பு அணைந்தது.

இக்குறுணி அழுகாது, மக்காது. வெயிலிலும் அலையிலும் சிதைந்து மேலும் நுண்ணிய துகள்களாகும். கடலிலே கலந்துள்ள பிற நஞ்சுகளையும் தன்மீது ஈர்த்துக்கொள்ளும். மீன் முட்டை போலத் தோன்றுவதால் மீனும் பறவையும் இதனை இரையென்று விழுங்குகின்றன. வலசைப் பறவைகள் வந்து தங்கும் வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது என்பதை நினைத்தால், இதன் அபாயம் விளங்கும்.

இதனை அகற்றுவது எப்படி? பெரிய இயந்திரங்களைக் கொண்டு மணலை வாரினால், மணலைப் பிடித்து நிறுத்தும் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் அழியும். ஆமை முட்டைகளும் நசுங்கும். ஆகவே, கையும் அரிதட்டுமே தகுந்த கருவிகள். மணலோடு வாரிய குறுணியை நீர் நிறைந்த வாளியில் இட்டால் மணல் அடியில் தங்கும். நீரினும் இலேசான குறுணி மிதக்கும். மிதப்பதை வடித்தெடுத்துச் சாக்கிலே கட்டிவைக்க வேண்டும். திறந்த குவியலாக விட்டால் அடுத்த காற்றே அதனை மீண்டும் கடலிற் சேர்த்துவிடும். ஒருநாள் சுத்தமாக்கிய கரையில் மறுநாள் அலை புதிதாகக் கொணர்ந்து போடுவதும் உண்டு. முழுவதையும் எவராலும் பொறுக்கி முடிக்க இயலாது.

முடியாத வேலைக்குக் கூலி யார் கொடுப்பது? மாசு செய்தவரே செலவையும் ஏற்கவேண்டும் என்பது சட்டம் அறிந்த நெறிதான். வேலூர்ப் பகுதித் தோற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அந்நெறியை நாட்டின் சட்டமாகவே ஏற்றது. 2025ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றமும், எக்ஸ்-பிரஸ் பேர்ள் வழக்கில் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. தீர்ப்புப் பெறுவது வேறு, பணம் மீனவர் கைக்கு வருவது வேறு என்றாலும், நீதி எப்பக்கம் என்பது ஐயமின்றி உரைக்கப்பட்டுவிட்டது.

பொறுக்குவதினும் சிந்தாமற் காப்பதே மேல். இக்குறுணிகளை உறுதியான பொதிகளிற் கட்டுக, கொள்கலனில் இன்னதுள்ளதென்று தெளிவாகக் குறிப்பிடுக, இயன்றவரை மேற்றளத்தின் கீழே அடுக்குக என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. ஆனால் அது பரிந்துரையாகவே வெளிவந்தது, கட்டாயமாக அன்று. அதனைக் கட்டாயமாக்கும்படி கரையோர நாடுகள் ஒருமித்துக் கேட்பது அவசியம். இலங்கையும் இந்தியாவும் இவ்விஷயத்தில் ஒரே கரையின் மக்களே.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையிலே வெண்குறுணிகளைக் கண்டால் வெறுங்கையால் அளையாதீர்கள். இடத்தையும் நாளையும் குறித்துப் பெரியோர் வாயிலாகக் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். அக்குறிப்பே நாளை நீதிமன்றத்திற் சாட்சியாக நிற்கவும் கூடும். எள்ளைச் சிந்திய பிள்ளையைக் கண்டுபிடிப்பது வீட்டில் எளிது. கடலிலே சிந்தியவனைக் கண்டுபிடிக்க, பார்த்தவர்கள் பேசவேண்டும்.