வாளையாற்றைத் தாண்டும் வாயுவும் வாளையாற்றைத் தாண்டிய நாமும்

நம் நாட்டு அடுப்புகளில் எரியும் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. கத்தார், சவூதி, குவைத், எமிரேட்ஸ் என்று அரபு நாடுகளிலிருந்து கப்பலேறி வருகிறது. மாதாமாதம் சவூதி அராம்கோ அறிவிக்கும் விலையைப் பார்த்துத்தான் இங்கே கணக்குப் போடுகிறார்கள். மிச்சத்தில் பெரும்பகுதி, கொச்சி போன்ற ஆலைகளில் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரித்தெடுப்பது. கொச்சியிலிருந்து பாலக்காடு வழியாகக் கோவை, ஈரோடு, சேலம் வரை இதற்கென்றே இந்தியன் ஆயிலும் பாரத் பெட்ரோலியமும் சேர்ந்து குழாய்த் திட்டம் வகுத்தன.

இந்த வாயுவிடம் வாளையாற்றில் யாரும் ரேஷன் கார்டு கேட்பதில்லை. அதே கணவாயில் எதிர்த்திசையில் வந்து கஞ்சிக்கோட்டு ஆலைகளில் உழைக்கும் நம்மிடம்தான் "இந்த ஊர் விலாசம் எங்கே?" என்கிறார்கள். போடிமெட்டும் கம்பமெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வந்தவர்களிடமும் அதே கேள்வி.

விலாசம் எப்படி இருக்கும், தோழர்களே? குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது. ரேஷன் கார்டு ஊரில் மாமியார் பெயரில் கிடக்கிறது. அறை வாடகைக்குக் கொடுத்தவரோ ஒரு துண்டுச் சீட்டிலும் கையெழுத்துப் போட மாட்டார். வாடகையை மட்டும் முதல் தேதியே வாங்கிக்கொள்வார்.

முடிவு என்ன? எட்டு மணி நேரம் கொழுந்து பறித்த பெண், இருட்டுவதற்குள் விறகு பொறுக்கப் போகிறாள். இல்லையென்றால் 5 கிலோ சின்ன சிலிண்டர். அதற்கு விலாசச் சான்று வேண்டாம். ஏதாவது ஓர் அடையாள அட்டை போதும். ஆனால் மானியம் கிடையாது, கிலோ கணக்கில் பார்த்தால் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைவிட விலை கூடுதல். விலாசமுள்ளவனுக்கு மலிவு, விலாசமில்லாதவனுக்குக் கிராக்கி! இது எந்த ஊர் நியாயம்?

இன்னும் சிலர் கடைப் பின்கட்டில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதற்குத் திருட்டுத்தனமாக நிரப்பி வாங்குகிறார்கள். கூடவே கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையில் தவழ்ந்து படுத்துக்கிடக்கும். குளிருக்குக் கதவடைத்த லயத்து அறையில் ஒரு தீக்குச்சி போதும்.

மூணாறு பக்கம் இன்னொரு புகார்: ஜனவரிக் குளிரில் சிலிண்டர் கனக்கிறது, அடுப்பு மங்குகிறது. சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் இரண்டின் கலவை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். பியூட்டேன் பூஜ்யத்தை நெருங்கும்போதே அடங்கிவிடும். அதற்காகச் சிலிண்டரைத் தணலருகே வைப்பது தற்கொலை. மலைக்கு ஏற்ற கலவை கொடு என்று கேட்பதே முறை.

உஜ்வலா திட்டத்தை 2016-இல் மே தினத்தன்றுதான் தொடங்கினார்கள். தொழிலாளிக்கு அந்த நாளையாவது கொடுத்தார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், பிழைக்க வந்த குடும்பத்திடம் ரேஷன் கார்டும் விலாசச் சான்றும் கேட்கத் தேவையில்லை, சுய உறுதிமொழி போதும் என்று சர்க்காரே விதி எழுதியது. விண்ணப்பிப்பவர் வயது வந்த ஏழைப் பெண்ணாக இருக்க வேண்டும். வீட்டில் வேறு இணைப்பு இருக்கக் கூடாது. 2020-இல் பொது மானியம் நின்றபின் மானியம் பெரும்பாலும் உஜ்வலாக்காரர்களுக்கே கிடைக்கிறது. ஆகவே இந்த உறுதிமொழித் தாள் வெறும் தாள் அல்ல, பணம். ஏஜென்சி மேஜையில் இந்த விதியைச் சொன்னால் ஏதோ புதுக்கதை கேட்பதுபோல் நம்மைப் பார்க்கிறார்கள்.

ஊரில் இணைப்பு உள்ளவர்கள் சிலிண்டரை ரயிலில் தூக்கி வராதீர்கள். ரயில்வேயில் வேலை பார்க்கிறவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: 1989 ரயில்வே சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை. 2023 ஆகஸ்ட் 26-இல் மதுரையில் சுற்றுலாப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரால் 9 உயிர் போனது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஊர் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் மாற்றுச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்; அந்தச் சீட்டைக் காட்டி இங்கே இணைப்புக் கேளுங்கள்.

மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரவும் மறுத்தால் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். அடுத்த முறை அந்த மேஜைக்கு நாம் சேர்ந்தே போவோம்.