5ஜி போன் விற்பனையில் அமெரிக்காவை முந்திட்டோமாம்! பில்லை யார் கட்டினது?



"5ஜி கைபேசிச் சந்தையில் அமெரிக்காவையே தாண்டியது இந்தியா!" இந்தச் செய்தியை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ கட்டாயம் போட்டிருப்பார். செய்தி பொய்யில்லை. 2024-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் விற்ற 5ஜி போன்களில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு, அமெரிக்கா மூன்றாவது என்று கவுன்டர்பாயின்ட் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் சொன்னது.

140 கோடிப் பேர் வாழும் நாட்டில் நிறைய போன் விற்பது ஒரு அதிசயமா? இந்த போனை வாங்கியே தீரணும்னு மக்களைத் தள்ளினது யார், தள்ளிவிட்டு அதிலேயே வரியும் வசூலித்தது யார் என்பதை அந்த மாமா ஃபார்வர்டு பண்ண மாட்டார். அதை நாம பேசுவோம்.

முதலில் வரி. 2020 மார்ச் வரை கைபேசிக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம். 2020 ஏப்ரல் 1 முதல் 18 சதவீதம். தேதியைக் கவனியுங்கள். நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது மார்ச் 25. பள்ளிக்கூடம் பூட்டி, பாடம் எல்லாம் போனுக்குள் போகப் போகிற நேரத்தில், ஊரடங்கின் எட்டாவது நாளில் போனுக்கு வரியை ஏற்றினார்கள். 'ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநிலங்களும்தானே உட்கார்ந்திருந்தன' என்று உடனே ஒருத்தர் வருவார். ஆமா, உட்கார்ந்திருந்த எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

2025 செப்டம்பரில் 'வரிச் சீர்திருத்தத் திருவிழா' நடத்தினார்களே, அப்போதாவது குறைந்ததா? ஏ.சி.க்கு 28-லிருந்து 18 ஆனது. பெரிய டிவிக்கும் 28-லிருந்து 18. கைபேசி? அதே 18. பங்களாவில் மாட்டுகிற ஏ.சி.க்கும் ஆடு மேய்க்கிற பாட்டி இடுப்பில் செருகியிருக்கிற பட்டன் போனுக்கும் ஒரே வரி. பத்தாயிரம் ரூபாய் போனுக்கு மேல 1,800 ரூபாய் வைக்கணும். அதே போனைத் தயாரிக்கிற கம்பெனிக்கு? உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில், கூடுதலாக விற்பதற்கு 4 முதல் 6 சதவீதம் வரை அரசுப் பணம் போனது. செய்யறவனுக்குக் கொடுத்தாங்க, வாங்கறவன்கிட்ட எடுக்கிறாங்க. தொழிற்சாலை வரட்டும், ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும், அதில் நமக்கு மகிழ்ச்சியே. அந்தக் கரிசனத்தில் கால் பங்கு வாங்குகிறவனுக்கும் வேண்டாமா?

'போன் என்ன சோறா? வேணும்னா வாங்கு, வேணாம்னா விடு' என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்காகத்தான் இந்த அடுத்த பகுதி.

100 நாள் வேலைத் தளத்தில், 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு செல்போன் செயலியில் நடக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிவாகிற மாதிரி படம் எடுத்து ஏற்றணும். எடுக்கிறவர் யார்? பணித்தளப் பொறுப்பாளர். அவரும் நம்ம ஊர் கூலித் தொழிலாளிப் பெண்தான். பல இடங்களில் போன் அவர் சொந்தக் காசில் வாங்கியது, டேட்டாவும் அவர் காசு. ஏரிக்குள்ள சிக்னல் இல்லாமல் படம் ஏறலைன்னா அன்றைக்கு மண் வெட்டினவங்க கூலி போச்சு. வெயிலில் நின்ற உடம்பு சாட்சி இல்லையாம், சர்வர்தான் சாட்சியாம்!

அங்கன்வாடியிலும் இதே கதை. வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற சத்துமாவுக்கு 2025 ஜூலை 1 முதல் முகப்பதிவு கட்டாயம். கர்ப்பிணிப் பெண்ணின் முகத்தைப் படம் பிடிக்கணும், ஆதார் சரிபார்க்கணும், அதற்கு ஓடிபி வரணும். ஓடிபி யார் போனுக்கு வரும்? வேலைக்குத் திருப்பூர் போயிருக்கிற புருஷன் போனுக்கு. அவர் தறியில நிற்கும்போது எடுக்க முடியுமா? இந்தச் செயலியோடு மல்லுக்கட்டி, இந்த போன் வேலைக்கு உதவாது என்று சொல்லி, 2021-லேயே மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த போனையே திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். அதற்கப்புறம்தான் முகப்பதிவும் சேர்ந்திருக்கிறது.

ஆக, போன் ஆடம்பரம் என்று வரி போடுகிற அதே அரசு, போன் இல்லாமல் கூலியும் இல்லை, சத்துமாவும் இல்லை என்கிறது. எது உண்மைன்னு அவங்களே முடிவு பண்ணிக்கட்டும்.

அடுத்து ரீசார்ஜ். 5ஜியை 2022 அக்டோபர் 1 அன்று பிரதமர் தொடங்கி வைத்தபோது கூடுதல் கட்டணம் இல்லை என்ற பேச்சுதான் எங்கும். ஜியோவில் 239 ரூபாய்த் திட்டத்துக்கே அளவில்லா 5ஜி கொடுத்தார்கள். பழக்கப்படுத்தினார்கள். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஓரிரு நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏற்றின. அளவில்லா 5ஜி வேண்டுமானால் தினம் 2 ஜிபி திட்டத்துக்குப் போ என்றது ஜியோ: 28 நாளுக்கு 349 ரூபாய். 239 எங்கே, 349 எங்கே? 46 சதவீதம் கூடுதல். அதோடு 28 நாளை ஒரு மாதம் என்கிற அந்தக் கணக்கையும் பாருங்க. வருஷத்துக்கு 13 முறை போட்டால் 4,537 ரூபாய். நமக்கு 12 மாதம், கம்பெனிக்கு 13 மாதம்! மாதாமாதம் ஒரே தேதியில் முடிகிற திட்டம் குறைந்தது ஒன்றாவது வைக்கணும் என்று டிராய் 2022-லேயே சொல்லியாச்சு. ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணே ஒண்ணு, பேருக்கு.

'அதான் இப்ப 5ஜி போனே எட்டாயிரத்துக்கு வந்துடுச்சே' என்பது அடுத்த வாதம். வந்தது, உண்மைதான். 2024 நவம்பரில் ரெட்மி ஏ4 5ஜி என்ற போன் 8,499 ரூபாய்க்கு வந்தது. ஆனால் 5ஜியில் இரண்டு வகை உண்டு. ஒன்று தனியாகவே ஓடும் முழு 5ஜி, ஜியோ போட்டிருப்பது அது. மற்றொன்று பழைய 4ஜி கட்டமைப்பின் தோளில் ஏறி ஓடுவது, ஏர்டெல் அப்போது பெரும்பாலும் கொடுத்தது அது. இந்த போனில் முதல் வகை மட்டும்தான் ஓடும். ஏர்டெல் சிம் போட்டவருக்கு அந்த 5ஜி கிடைக்கவில்லை, 4ஜிதான். பெட்டி மேல பெரிசா 5ஜி என்று எழுத இடம் இருக்கு, எந்த நெட்வொர்க்கில் வேலை செய்யும் என்று எழுத இடம் இல்லையா? விலை குறைந்த போனில் எதைக் குறைத்தார்கள் என்பது வாங்கினவருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

இந்த மலிவு விலையும் நிலைக்காது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே நிறுவனங்கள்தான் உலக மெமரி சிப்பில் பெரும்பங்கைத் தயாரிக்கின்றன. ஏஐ டேட்டா சென்டருக்கு விற்றால் லாபம் அதிகம் என்று அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 2025 கடைசியிலிருந்து போனுக்குப் போகிற மெமரி விலை ஏறுகிறது. முதல் அடி விழுவது சின்ன போனுக்கு.

அப்போ தவணையில் வாங்கு. இதுதான் சந்தை சொல்கிற பதில். அங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது தோழர்களே. தவணை கட்டத் தவறினால் கடன் கொடுத்தவர் தொலைவிலிருந்தே போனைப் பூட்டலாமா என்பது ஆய்வில் இருக்கிறது என்று 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆளுநரே சொன்னார். யோசித்துப் பாருங்கள். பைக்கைத் தூக்கிட்டுப் போனா பஸ்ஸில் போகலாம். போனைப் பூட்டினால்? வருகைப் பதிவு, ஓடிபி, ஜிபே, பிள்ளையின் பள்ளிக்கூட வாட்ஸ்அப், ராத்திரி பிரசவ வலிக்கு 108, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். தவணை கட்டணும் என்றால் வேலைக்குப் போகணும், வேலைக்குப் போகணும் என்றால் போன் திறக்கணும். கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து கத்துவான், ஊரே கேட்கும், நாலு பேர் நியாயம் கேட்பாங்க. இந்தப் பூட்டு சத்தமே போடாது.

இதற்கெல்லாம் ஒரு மாற்று இருந்தது. பெயர் பிஎஸ்என்எல். ஏர்டெல் 2012-லேயே கொல்கத்தாவில் 4ஜி தொடங்கியது, ஜியோ 2016-ல் வந்தது. பிஎஸ்என்எல்லின் 4ஜி டெண்டரை 2020-ல் ரத்து செய்தார்கள். நாடு தழுவிய 4ஜியைப் பிரதமர் தொடங்கி வைத்தது 2025 செப்டம்பர் 27. உள்நாட்டிலேயே அந்தக் கருவிகளை உருவாக்கிய பொறியாளர்களுக்கு நம் வணக்கம். ஆனால் 13 வருஷம் ஓடவிடாமல் காலைக் கட்டிவைத்துவிட்டு, 'அரசு நிறுவனம்னாலே ஆமைதான்' என்று கிண்டல் பண்ணினவர்களுக்கு என்ன சொல்வது? இப்போ 6ஜி தொலைநோக்கு என்று 2023-லேயே புத்தகம் போட்டாச்சு. 2ஜியில் 25 கோடிப் பேர் சிக்கிக் கிடக்கிறார்கள் என்று அதே வருஷம் சொன்னவர் ஆகாஷ் அம்பானி. நாம இல்லை.

நாம் கேட்பது இவ்வளவுதான். கைபேசிக்கு, குறைந்தபட்சம் பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ளவற்றுக்கு, ஜிஎஸ்டி 5 சதவீதம். அரசு ஒரு செயலியைக் கட்டாயமாக்கினால் போனும் டேட்டாவும் அரசே கொடுக்கணும், நெட்வொர்க் கிடைக்காத நாளில் காகிதப் பதிவு செல்லணும். போனைப் பூட்டும் யோசனையைக் கைவிடணும். எந்த நிறுவனத்தின் 5ஜி ஓடும் என்று பெட்டி மேலேயே தமிழில் அச்சடிக்கணும். 28 நாள் மோசடிக்கு முடிவு கட்டணும். பிஎஸ்என்எல் 5ஜிக்குத் தேதி சொல்லணும்.

வருகிற கிளைக் கூட்டங்களில் இவற்றைத் தீர்மானமாகப் போட்டு மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்கள். போன் கோளாறால் கூலி போனவர்கள், சத்துமாவு கிடைக்காதவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், ஊராட்சிப் பெயர், தேதி, என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள். ஆதார் எண்ணையோ போன் எண்ணையோ இங்கே யாரும் பதிவிட வேண்டாம். பட்டியலாகத் தொகுத்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்கப் போகிறோம்.