இல்லத்துக் குறிப்புகள்: கிளைக் குழாயும் வால்வும்

திருவனந்தபுரத்தில் நம்மவர் குடியிருக்கும் பல வீடுகளில் இருவகைத் தண்ணீர் உண்டு. ஒன்று கிணற்று நீர். மற்றொன்று குழாய் நீர். கரமனையாற்று நீர் அருவிக்கரையிலிருந்து நகருக்குக் குழாய்வழி வரத் தொடங்கியது 1933-ஆம் ஆண்டில். கோடையில் ஒன்று குறைந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்றெண்ணி, இரண்டையும் ஒரே குழாயில் 'டீ' வைத்து இணைத்து, நடுவே ஒரு வால்வு பொருத்திவிடுகிறோம். வேலை எளிது, ஆபத்து பெரிது.

தெருக்குழாயைப் பழுதுபார்க்க நீரை நிறுத்துங்கால் அதனுள் அழுத்தம் குன்றும். சில வேளை உறிஞ்சும் நிலையும் உண்டாகும். அவ்வமயம் வால்வு திறந்திருப்பின், நம் கிணற்று நீர் பின்னோக்கிப் பாய்ந்து தெருக்குழாயிற் கலக்கும். கிணற்றுப் பம்பு ஓடினாலும் அவ்வாறே. சிறு மனைகளில் கிணறும் மலக்குழியும் அருகருகே இருப்பதை நாம் அறிவோம். அந்நீர் அடுத்த வீட்டுக் குழந்தையின் குவளைக்குப் போய்ச் சேரலாம். அதே 1933-இல், பொருட்காட்சி காணத் திரளானோர் வந்திருந்த சிகாகோ நகரில், ஓட்டல்களின் பழைய குழாய்களில் இருந்த தவறான இணைப்புகளால் கழிவுநீர் குடிநீரிற் கலந்தது. அமீபாச் சீதபேதி பரவி 98 பேர் மாண்டனர்.

“வால்வை மூடிவிட்டுத்தானே பம்பு போடுகிறோம்?” என்பர் சிலர். ரயில் தடங்கள் கூடுமிடத்தில் ஒருவருடைய ஞாபகத்தை மட்டும் நம்பி வண்டியை விடுவதில்லை. அதற்கென இன்டர்லாக்கிங் என்னும் பூட்டு முறை இருக்கிறது. குழாய்க்கு அத்தகைய பூட்டு, காற்றிடைவெளிதான். தெருநீர்க் குழாயைத் தனியே தொட்டிக்குக் கொண்டுசென்று, நீர் வழிந்தோடும் மட்டத்துக்கு மேலே அதன் வாய் நிற்குமாறு அமைக்கவேண்டும். இடைவெளி குழாய் விட்டத்தின் இருமடங்கு. அரை அங்குலக் குழாய்க்கு ஓர் அங்குலம். 'நான் ரிட்டர்ன்' வால்வும் நல்லதே. அதன்மேலுள்ள அம்புக்குறி நீர் செல்லும் திசையை நோக்கவேண்டும். ஆயினும் மணல் சிக்கினால் அது முழுதும் மூடாது. அதை மட்டும் நம்பலாகாது.

தெருநீரிலேயே சமையலறைக்கோ துணி துவைக்கும் கல்லுக்கோ கிளை எடுப்பதில் இத்தொல்லை இல்லை. மீட்டருக்கு அப்பால் எடுக்கவேண்டும். டீயை அடுத்தே கிளையில் வால்வு இருந்தால், கிளை ஒழுகும்போது வீடு முழுவதும் தண்ணீரின்றித் தவிக்காது. இரும்புக் குழாயாயின் 'யூனியன்' ஒன்றும் வாங்கிவையுங்கள்; ஒரு முனையை முறுக்கினால் மறுமுனை கழலுமாதலால், அஃதின்றி நடுவே டீ ஏறாது. பி.வி.சி. குழாயாயின், பசை டப்பாவில் குறித்துள்ள நேரம் கழியுமுன் தண்ணீரைத் திறக்கலாகாது.

வாடகை வீட்டில் இருப்போர் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டே குழாயில் கைவைக்கவேண்டும். இரு நீரும் கூடும் டீ முன்னமே அங்கிருந்து, தனிக் குழாய்ச் செலவுக்கு அவர் இசையாவிடில், கிணற்றுப் பக்கத்தைக் கழற்றி டீயின் வாயைப் 'பிளக்' இட்டு அடைக்கும் அளவுக்காவது அனுமதி கேளுங்கள். கிணற்று நீரை வாளியில் இறைத்துக்கொள்ளலாம்.