முற்றத்துப் பட்டறை

நாள்தோறும் நம்மைச் சுமந்து செல்லும் மோட்டார் சைக்கிளின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஓரளவேனும் அறிந்துகொள்வதும், அதில் தேய்ந்துபோன பாகமொன்றைச் சிநேகிதர்களின் சகாயத்தோடு வீட்டு முற்றத்திலேயே மாற்றிக்கொள்வதும், படிப்பும் உத்தியோகமும் உடைய மனிதருக்குப் பொருந்தாத காரியங்கள் என்று நம் நடுத்தரக் குடும்பங்களில் வேரோடிப்போயிருக்கும் எண்ணம் மாற வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவப்பட்டுத் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கிய காலந்தொட்டு, ஓசூரிலும் ஒரகடத்திலும் இன்று லட்சக்கணக்கில் வண்டிகள் செய்து வெளியே அனுப்பும் நம் ராஜ்யத்தில், கையில் கிரீஸ் படுவதைக் கௌரவக் குறைவாகக் கருதும் மனோபாவம் இன்னும் நிலைத்திருப்பது வருத்தத்துக்குரியது.

இதற்குக் கிளட்சை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதன் பிளேட்டுகளை மாற்றுவது பஞ்சர் ஒட்டுவதைப் போல எளிதானதும் அன்று, இஞ்சினைப் பிரித்து பிஸ்டனை மாற்றுவதைப் போல அஞ்சத்தக்கதும் அன்று. பொறுமையும் இரண்டொரு நண்பர்களும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடக்கூடியது. நம் ஊர்களில் மிகுதியாக ஓடும் சிறு வண்டிகளில், இஞ்சினின் சுழற்சி கிளட்ச் பெல்லுக்கு வருகிறது. அந்தப் பெல்லோடு சேர்ந்து சுழலும் உராய்வுப் பிளேட்டுகளும், கியர்ப் பெட்டியின் தண்டில் அமர்ந்த ஹப்போடு சேர்ந்து சுழலும் எஃகுப் பிளேட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளால் இறுக்கமாக அழுத்தப்பட்டு, எண்ணெயில் நனைந்தபடியே வேலை செய்கின்றன. நாம் கைப்பிடியை அழுத்தும்போது அந்த அழுத்தம் நீங்கிப் பிளேட்டுகள் விலகுகின்றன. விடும்போது மீண்டும் சேருகின்றன. நெரிசலில் கைப்பிடியைப் பாதி அழுத்தியபடியே வண்டியை ஊர்ந்து நகர்த்தும் ஹாஃப் கிளட்ச் பழக்கத்தில், விலகியும் விலகாமலும் பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டே இருப்பதால், அவற்றின் ஆயுள் விரைவில் முடிகிறது.

ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருக இஞ்சினின் இரைச்சல் மட்டும் ஏறி, வண்டி வேகம் பிடிக்காமல் தயங்கினால், கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்பார்கள். உடனே ஸ்பானரை எடுத்துவிடலாகாது. கைப்பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான சிறு வண்டிகளுக்குக் கையேடுகள் கூறும் அளவு அதுதான். அந்தத் தளர்வு இல்லாமல் கேபிள் இழுத்துக்கொண்டே இருந்தால், நல்ல கிளட்சும் வழுக்கும். அடுத்து, ஊற்றிய எண்ணெயைப் பார்க்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கொண்ட கார் எண்ணெயை மலிவு கருதி ஊற்றியிருந்தால், கிளட்ச் பிடிப்பை இழக்க இடமுண்டு. எண்ணெயில் நனைந்து இயங்கும் கிளட்சுக்கு ஜாசோ எம்.ஏ. என்னும் தரக்குறி உள்ள எண்ணெயே உகந்தது. கேபிளைச் சரிசெய்தோ எண்ணெயை மாற்றியோ தீரக்கூடிய கோளாறுக்குப் பிளேட்டுகளின் விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு என்பதாலேயே இதை விரிவாகச் சொல்கிறேன்.

பிளேட்டுகளே தேய்ந்துவிட்டன என்று தெளிந்த பிறகு செய்யும் வேலையில் சிநேகிதர்களின் துணை எத்தனை உபகாரமானது என்பதை, எங்கள் வீட்டு முற்றத்தில் அப்படியொரு வேலையை நடத்திப் பார்த்தபோது பூரணமாக உணர்ந்தேன். பழைய எண்ணெயை வடித்து, கிக்கரைக் கழற்றி, வலப்பக்க மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கையில், அவை ஒரே நீளமுடையவை அல்ல என்று தெரிந்ததும், ஒரு நண்பர் அட்டையொன்றில் மூடியின் உருவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் துளையிட்டுச் செருகி வைத்தார். நீளமான போல்ட்டைத் தவறான துளையில் முடுக்கி அலுமினியத்தில் விரிசல் விழச் செய்யும் ஆபத்து அந்தச் சிறு யோசனையால் நீங்கிற்று. ஒட்டிக்கொண்டிருந்த மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டியெடுக்க வேண்டும் என்று நிதானம் சொன்னவர் இன்னொருவர். பழைய கேஸ்கெட்டின் துணுக்குகளைக் கீறல் விழாமல் சுரண்டியெடுத்த பொறுமையும் அவருடையதே. ஹப்பைப் பிடித்திருக்கும் லாக் நட்டைத் திருப்பும்போது ஹப்பும் கூடவே சுழலாதிருக்க, வண்டியைக் கியரில் போட்டு ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டால்தான் மற்றவர் நட்டைத் தளர்த்த முடியும். கூட்டுறவு என்பது இவ்வேலையில் வெறும் மனமகிழ்ச்சிக்கான விஷயமாக இல்லாமல், யந்திரமே வேண்டுகிற நியதியாக இருக்கிறது.

பிரித்ததும் பார்க்க வேண்டியவை பல. எஃகுப் பிளேட்டுகள் சூட்டினால் நீலம் பாய்ந்திருக்கின்றனவா, கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தால் வளைந்திருக்கின்றனவா, ஸ்பிரிங்குகள் நீளம் குறைந்திருக்கின்றனவா, கிளட்ச் பெல்லின் விரல்களில் பிளேட்டுகளின் காதுகள் பட்டுப்பட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பலர் கண்ணால் பார்க்கும்போது, ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணுக்கு அகப்படுகிறது. புதிய பிளேட்டுகளை எண்ணெயில் நன்றாக ஊறவைத்த பிறகே அடுக்க வேண்டும். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். புதிய கேஸ்கெட்டைச் சிக்கனம் கருதித் தவிர்க்கக் கூடாது. வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது மகா பாபம் என்பதோடு சட்ட விரோதமும் ஆகும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் அதை அபாயகரமான கழிவு என்றே வகுத்திருக்கின்றன. டப்பாவில் அடைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

இப்படி எல்லோரும் கிளம்பிவிட்டால் மெக்கானிக்கின் ஜீவனம் என்னாவது என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. ஆனால் அந்த லாக் நட்டோடு ஒரு தடவை மல்லாடியவனுக்கு, வெயிலிலும் புழுதியிலும் குந்தி உட்கார்ந்து இதையே அன்றாடம் செய்கிறவரின் அருமை தெரிந்துவிடுகிறது; அவர் கேட்கும் கூலியில் பேரம் பேச அதன் பிறகு நா எழுவதில்லை. வாரன்டி உள்ள புது வண்டியைப் பிரிப்பதும், அனுபவம் இல்லாமல் பிரேக்கில் கை வைப்பதும் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நம்மைத் தடுப்பது திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. பிளேட்டுகள் சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து சிற்றூர்க் கடை வரை கிடைக்கின்றன. ஆனால் எந்த நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று கூறும் சர்வீஸ் கையேடும், அந்த லாக் நட்டின் காடிகளில் பொருந்தும் விசேஷ சாக்கெட்டும் சாதாரண மனிதரின் கைக்கு எளிதில் எட்டுவதில்லை. எட்டாததால் உளியையும் சுத்தியலையும் வைத்து அடித்து நட்டைச் சிதைக்கிறார்கள். 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, மோட்டார் வாகனங்களையும் அதன் வரம்பில் சேர்த்தது நல்ல ஆரம்பம். அந்த உரிமை நம் முற்றங்கள் வரை வர வேண்டுமானால், வண்டி செய்யும் நிறுவனங்கள் சர்வீஸ் கையேடுகளைத் தமிழில் அச்சிட்டு மாவட்ட மைய நூலகங்களுக்கு அளிக்க வேண்டும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் விசேஷக் கருவிகளைச் சிறு கட்டணத்தில் இரவல் தந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் பட்டறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். பெரும் செலவில்லாத இந்த இரண்டு ஏற்பாடுகளையும் தொழில் துறையை நிர்வகிப்பவர்கள் தாமதமின்றிச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.