காணியை விற்றுக் கனடாவா?

அமெரிக்கா! டாலர் கொழிக்கும் நாடு! மேகத்தை முட்டும் மாடங்கள், சந்திரனில் கால் பதித்த விஞ்ஞானம், உலகத்துக்கே உத்தரவு போடும் அதிகாரம் அத்தனையும் அங்கே! அத்தகைய நாட்டிலே, உழைத்து ஓய்ந்த கிழவர் ஒருவர் திண்ணையிலே உட்கார்ந்து யோசிக்கிறார்: "மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு பக்கத்து நாடான கனடாவுக்குப் போய்விடலாமா?" என்று.

ஒருவரல்ல, பலர் இப்படி யோசிக்கின்றனர். 2016 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிவு வெளிவந்த இரவிலே, கனடாவின் குடியேற்றத் துறை இணையதளம், வந்து குவிந்தவர்களின் கூட்டம் தாங்காமல் முடங்கியே போயிற்று! அவர்களிலே எத்தனை பேர் உண்மையிலேயே போனார்கள் என்பது வேறு கதை. கோபத்தில் ஊரை விட்டுப் போகிறேன் என்று கிளம்புகிறவர், பெரும்பாலும் ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பி வருவார். நமக்குத் தெரியாததா?

ஆனால், அந்தக் கிழவரின் ஏக்கத்துக்கு அரசியல் மட்டும் காரணமல்ல. மருந்துச் சீட்டும் காரணம். அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடு 1965இல்தான் வந்தது. கனடாவிலே நடந்தது என்ன? சஸ்காச்சுவான் என்றொரு மாகாணம். கோதுமை விளையும் பூமி, நம் தஞ்சை நெல் விளையும் பூமியானது போல. அங்கே டாமி டக்ளஸ் என்ற பாதிரியார் ஏழை எளியவர் கட்சிக்குத் தலைவராகி, முதல்வராகி, "வைத்தியம் அனைவர்க்கும் பொது, செலவு அரசுடையது" என்ற கொள்கைக்கு அடித்தளம் போட்டார். 1962 ஜூலை முதல் நாள் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வந்த அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தம்! பாட்டாளி வேலைநிறுத்தம் செய்தால் பொதுமக்களுக்கு இடையூறு என்று கூப்பாடு போடுவோரைக் கண்டிருக்கிறோம். அங்கே பணம் படைத்த வைத்தியர்களே 23 நாள் கதவைச் சாத்தினர். அரசு அசையவில்லை, திட்டம் நிலைத்தது. 1966இல் நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று. கோதுமைக் குடியானவர் மூட்டிய விளக்கு நாடெங்கும் ஒளிவிட்டது! அந்த ஒளியைத்தான் எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து அமெரிக்கக் கிழவர் எட்டிப் பார்க்கிறார்.

பார்க்கலாம்; நுழைய முடியுமா? வேலைத் திறன் பார்த்து ஆள் எடுக்கும் கனடாவின் குடியேற்றப் புள்ளிக் கணக்கிலே, இருபது வயது இளைஞனுக்கு வயதுக்காக முழுப் புள்ளி. 45 வயதைத் தொட்டால்? பூஜ்யம்! ஓய்வு பெற்றவருக்கென்று தனி வாயில் கிடையாது. விருந்தினராக ஆறு மாதம் வரை இருக்கலாம். அவருடைய அமெரிக்க மருத்துவக் காப்பீடோ பெரும்பாலும் எல்லையோடு நின்றுவிடும். ஆனாலும் அவர் அதிர்ஷ்டசாலிதான். ஆயுள் முழுதும் உழைத்ததற்கான ஓய்வூதியம் அவர் பின்னாலேயே போகும். இரு நாடுகளுக்கும் 1984 முதல் அதற்கென ஒப்பந்தமே இருக்கிறது.

எங்கோ இருக்கும் வெள்ளைக்காரக் கிழவரைப் பற்றி நமக்கென்ன கவலை என்று கேட்கிறீர்களா, தோழர்களே? அதே கனடாவுக்குப் போகலாமா என்று நம் திருத்துறைப்பூண்டியிலும் மன்னார்குடியிலும் கூத்தாநல்லூரிலும் கிழவர்கள் யோசிக்கிறார்களே, அதனால்தான் கவலை!

ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். பெயர் வேண்டாம், ஊருக்கு ஒருவர் இருக்கிறார். அவருடைய தந்தை பண்ணையாள். விடியுமுன் வயலில் இறங்கி, இருட்டிய பின் கரையேறியவர். பண்ணையார் முகம் சுளித்தால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ!" 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, ஏட்டிலிருந்து வயலுக்கு இறங்கி வர அது பட்ட பாடு கொஞ்சமா? கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியிலே, 1968 டிசம்பர் 25 இரவில், ஒரே குடிசைக்குள் 44 உயிர்களைக் கருக்கிய நெருப்பின் சூட்டை மறக்குமா இந்த மண்? அதற்குப் பிறகு, 1971இல், குடியிருப்பவனுக்கே குடியிருப்பு மனை சொந்தம் என்ற சட்டம் பிறந்தது. பெரியவரின் தந்தை கையிலே பட்டா வந்தது. பெரியவர் வளர்ந்தார், பாடுபட்டார், மூன்று மா நிலம் வாங்கினார். ஒரு ஏக்கர்தான், ஆனால் அவருடைய பரம்பரையிலே முதல் ஏக்கர்! பிள்ளை முதல் பட்டதாரி ஆனான். இன்று டொராண்டோவுக்குப் பக்கத்திலே வேலை பார்க்கிறான்.

பண்ணையாளின் பேரன் கனடாவில்! இதைக் கண்டு மகிழாதவர் யார்? நாம் மகிழ்கிறோம், மார் தட்டிச் சொல்கிறோம். அந்தப் பிள்ளை ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிடுகிறான்.

"அப்பா, நீங்களும் அம்மாவும் இங்கேயே வந்துடுங்க. அங்க தனியா என்ன செய்யப் போறீங்க?"

"வயலை என்னப்பா செய்யிறது?"

"வித்துடலாம்பா. தண்ணி வந்தா மழை இல்லே, மழை வந்தா வெள்ளம். வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?"

பிள்ளை சொல்வதிலே பொய்யில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று வானத்தையும் கருநாடகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கழிந்த ஆண்டுகள் எத்தனை! 2018 நவம்பரில் கஜா புயல் வந்து ஒரே இரவில் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனதே! அன்பால் அழைக்கிறான், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதாலும் அழைக்கிறான். இரண்டும் குற்றமல்ல.

போகாதே என்று சொல்ல நாம் யார்? கடல் தாண்டுவது பாவம் என்று கதை அளந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களும் பிறகு விமானம் ஏறிவிட்டார்கள்! நாகப்பட்டினத்துத் துறைமுகத்தைக் கேளுங்கள். அது சொல்லும், தமிழன் கடலுக்கு அஞ்சாத கதையை. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்திலே பாய் விரித்து, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எத்தனை ஆயிரம்! அவர்கள் போனது இளமையிலே. ரப்பர் மரம் கேட்டது இளமையின் கையை. முதுமையின் கையை எந்தத் துரையும் கேட்டதில்லை. வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் 1936 கடைசியில் மலாயா போய்த் தொழிலாளர் நிலையைப் பார்த்து அறிக்கை எழுதினார். 1938இல் தோட்டத்து முதலாளிகள் கூலியைக் குறைக்கக் கிளம்பியபோது, இந்திய அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்திற்று.

அங்கேயே தங்கியவர்கள் என்ன ஆனார்கள்? மலேசியாவிலே 1968இல் ஒரு சட்டம்: குடிமகன் அல்லாதவன் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். முப்பது ஆண்டு பால் வெட்டியவன், "நான் இந்த மண்ணுக்கு உழைத்தவனாயிற்றே!" என்றான். "அட்டை எங்கே?" என்றது அரசு. 1969க்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர், நரைத்த தலையோடு கப்பலேறி, தாங்கள் மறந்த ஊருக்கு, தங்களை மறந்த ஊருக்குத் திரும்பினார்கள். இலங்கையிலோ இன்னும் கொடுமை. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று! தேயிலைச் செடிக்கு எரு போலத் தன் வாழ்வைக் கொட்டிய கிழவியை ஒருவராவது கேட்டார்களா, "ஆத்தா, உனக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று?

முதுமையிலே நாடு மாறுவது என்றால், நாம் அஞ்சுவது கடலுக்கல்ல, காகிதத்துக்கு. காகிதத்தில் நீ யார் என்று எழுதியிருக்கிறதோ, அதுதான் நீ.

கனடாவின் காகிதம் என்ன சொல்கிறது? நல்ல நாடுதான். 1914இல் 'கோமகாட்டா மாரு' கப்பலில் வந்த 376 பேரிலே பெரும்பாலோரை வான்கூவர் துறைமுகத்தில் இறங்கவே விடாமல் இரண்டு மாதம் தடுத்துத் திருப்பியனுப்பிய நாடு, 2016இல் பாராளுமன்றத்திலே அதற்கு மன்னிப்புக் கேட்டது. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காக்கும் படகுகளில் மிதந்த 155 ஈழத் தமிழரை மீனவர்கள் கரை சேர்த்தபோது, தங்க இடம் தந்தது. இன்று டொராண்டோவில் தமிழிலேயே காய்கறி வாங்கலாம், தமிழிலேயே சண்டையும் போடலாம்! பனியைப் பற்றி மட்டும் பிள்ளைகள் முழுவதும் சொல்வதில்லை. வேட்டி கட்டிய கால் அங்கே தெருவுக்கு இறங்க நாலைந்து மாதம் காத்திருக்க வேண்டும்.

ஆனால் பெற்றோரை நிலையாக அழைத்துக்கொள்ளும் திட்டம் குலுக்கல் சீட்டுப் போல நடக்கிறது. 2020இல் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலிலிருந்துதான் 2025 வரைக்கும் ஆண்டுதோறும் பொறுக்கினார்கள். சீட்டு விழுந்தாலும், 20 ஆண்டுக்குப் பெற்றோரைக் காப்பேன் என்று பிள்ளை உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றொரு வழி, 2011இல் தொடங்கிய 'சூப்பர் விசா'. 2022 ஜூலை முதல் ஒரு தடவை போனால் ஐந்தாண்டு வரை தங்கலாம். பெயர்தான் சூப்பர்! வேலை செய்ய உரிமையில்லை. நாம் வியந்து பேசினோமே, டாமி டக்ளசின் வைத்தியம், அது இவருக்கில்லை! 1,00,000 கனடா டாலருக்குக் குறையாத தனியார் காப்பீடு எடுத்துத்தான் போக வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு அந்தக் காப்பீட்டுக்காரன் என்ன விலை சொல்வான் என்பதை, விமானச் சீட்டு வாங்குமுன் கேளுங்கள். அந்நாட்டு முதியோர் ஓய்வூதியமோ, சட்டப்படி பத்தாண்டு குடியிருந்த பிறகு. இந்தியாவுக்கும் கனடாவுக்கும் 2015 ஆகஸ்டிலிருந்து சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. சம்பளப் பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்கு அது பயன்படும். சேற்றில் கால் வைத்தவனுக்குச் சம்பளப் பட்டியல் ஏது?

ஆகவே போய்வரட்டும் பெரியவர். பேரனைத் தோளில் தூக்கட்டும், நயாகராவைப் பார்க்கட்டும், கல்லணையைப் பார்த்தவனுக்கு இதென்ன பெரிது என்று வம்பும் பேசட்டும்! ஆனால் அந்த மூன்று மா நிலத்தை விற்றுவிட்டுப் போகலாமா? கூடாது என்கிறோம்; ஆயிரம் முறை கூடாது என்கிறோம்!

ஏன்? அந்நியச் செலாவணிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நிலையாக வெளிநாட்டுவாசி ஆகிவிட்டவர், இந்தியாவிலே வீடு வாங்கலாம். விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. முன்பே வைத்திருந்ததை வைத்துக்கொள்ளலாம். வாரிசாக வருவதைப் பெறலாம். விற்றதைத் திரும்ப வாங்க வழியில்லை! மூன்று தலைமுறை வியர்வை சிந்திப் பெற்றதை ஒரு கையெழுத்தில் கொடுத்துவிட்டு, டொராண்டோவில் மனம் ஒடிந்தால், மருமகளோடு ஒத்துப் போகாவிட்டால், பிள்ளையின் வேலை போய்விட்டால், எங்கே திரும்புவார்? ஊரிலே அவருக்கு மிச்சமிருப்பது வாக்காளர் பட்டியலில் ஒரு வரி. அதுவும் நிச்சயமில்லை.

"வச்சிருந்தா மட்டும் யார் பார்த்துக்குவாங்க?" என்பார் பெரியவர். நியாயமான கேள்வி, இதைத்தான் ஆளவந்தாரைப் பார்த்து நாம் கேட்கிறோம். முதியோர் உதவித் தொகை 1962இல் தமிழகத்தில் 20 ரூபாயாகத் தொடங்கியது, 2011இல் 1,000, 2023இல் 1,200. இதிலே டில்லியின் பங்கு எவ்வளவு தெரியுமா? 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80க்கு மேல் 500. அந்த அளவு பத்தாண்டுக்கு மேலாகியும் அசையவில்லை! அரிசி விலை அசைந்தது, மருந்து விலை அசைந்தது, டில்லியின் மனம் மட்டும் மேட்டூர் மதகு போல் மூடிக் கிடக்கிறது. 1,200ம் போதுமென்று நாம் சொல்லவில்லை. நம்மவர் கொடுத்தது என்பதற்காகக் குறையை மறைக்கவும் மாட்டோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பனி பெய்யும் நாட்டில் ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கும் நோய்க்கு, வேதாரண்யத்துக் குடிசை வாசலிலே இலவசமாக மாத்திரை! இதைப் பெரியவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? கிளைக் கழகத் தோழர்தானே!

இன்னொன்றும் அந்தத் தோழருக்கே. பிள்ளைகள் பத்திரத்தோடு வருகிறார்கள்: "அப்பா, எழுதி வச்சுடுங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று. பெரும்பாலோர் பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். பார்த்துக்கொள்ளாதவர்களுக்காக 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு பெறலாம். வழக்கறிஞருக்குப் பணம் கட்டி அலைய வேண்டியதில்லை. காப்பாற்றுவான் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, காப்பாற்றாவிட்டால் 23ஆம் பிரிவின்படி ரத்தும் செய்யலாம். ஆனால் அந்த நிபந்தனை வாய்ப்பேச்சில் இருந்தால் வழக்கு தள்ளாடும். பத்திரத்திலேயே இருந்தால் நிமிர்ந்து நிற்கும். பெரியவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பும் நாளில் கூடவே போங்கள், தோழரே. "என் ஆயுள் வரை உணவும் உறைவிடமும் மருத்துவமும் தருவதாக ஒப்புக்கொண்டதால் எழுதித் தருகிறேன்" என்ற அந்த ஒரு வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று, அவர் கைநாட்டு வைக்குமுன் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.